12 நிமிடத் தகுதி

திறனறித் தேர்வு வைத்து வேலைக்கு ஆளெடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்ம தோழர்களே கூட, 'கேள்வி எல்லாருக்கும் ஒண்ணுதானே, இதுல என்ன பாரபட்சம்?' என்கிறார்கள். இந்த 'எல்லாருக்கும் ஒண்ணு' என்பதைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் வட கரோலினாவில், ட்யூக் பவர் கம்பெனியின் டான் ரிவர் அனல்மின் நிலையம். அங்கே இருந்த ஐந்து பிரிவுகளில் கறுப்பர்களுக்குத் திறந்திருந்தது ஒன்றே ஒன்று: கூட்டித் துடைக்கிற 'லேபர்' பிரிவு. அதன் உச்சபட்சச் சம்பளம் மற்ற நான்கு பிரிவுகளின் அடிமட்டச் சம்பளத்தைவிடக் குறைவு.

வேலையில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி ஒரு புது விதி போட்டது. லேபர் தவிர்த்த பிரிவுகளில் புதிதாகச் சேரப் பள்ளியிறுதிப் படிப்பு போதாது. இரண்டு தேர்வுகளிலும் தேற வேண்டும். ஒன்று, 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கேட்கும் வொண்டர்லிக். மற்றது, கப்பி, பற்சக்கரம் பற்றிக் கேட்கும் பென்னட். பள்ளியிறுதி முடித்தவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப்பேரை வெளியேற்றும் உயரத்தில் தேர்ச்சி மதிப்பெண் வைக்கப்பட்டது. நிலக்கரிப் பிரிவுக்கும் இதே விதிதான்!

விதியில் எங்கும் 'கறுப்பர்' என்ற சொல் இல்லை. நிறம் இருந்த இடத்தில் திறன் வந்து உட்கார்ந்துகொண்டது. தனிப் பள்ளிகளில் தாழ்ந்த கல்வி தரப்பட்ட ஒரு சமூகத்தின் வரலாறு, விடைத்தாளில் தனிமனிதக் குறைபாடாக மொழிபெயர்க்கப்படுகிறது. 'புறவயம்' எனப்படுவது செய்கிற வேலை இதுதான்.

13 கறுப்புத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1971 மார்ச் 8 அன்று உச்சநீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: நல்லெண்ணம் மட்டும் போதாது, விளைவைப் பார்க்க வேண்டும், தேர்வுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை முதலாளி நிரூபிக்க வேண்டும். பள்ளியிறுதி முடிக்காத பழைய வெள்ளைத் தொழிலாளர்கள் அதே வேலைகளை ஒழுங்காகச் செய்துவந்ததையும் அது சுட்டிக்காட்டியது.

தேர்வே கூடாது என்பதல்ல என் வாதம். வெல்டிங் வேலைக்கு வந்தவரை வெல்டு வைத்துக் காட்டச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தத் தேர்வு வேலையிலிருந்தே பிறக்கிறது.

விளைவை வைத்துப் பாகுபாட்டைக் கணக்கிடும் இந்த அணுகுமுறையைப் பின்னுக்குத் தள்ளும்படி 2025 ஏப்ரலில் அதிபர் ட்ரம்ப் அரசு அமைப்புகளுக்கு ஆணையிட்டார். ஆணையின் தலைப்பிலேயே 'தகுதியாட்சி' என்ற சொல் இருக்கிறது. இடஒதுக்கீடு என்றதும் 'அப்ப தகுதி, திறமை என்னாவது?' என்ற கூச்சலைக் கேட்டே வளர்ந்த நமக்கு இந்தச் சொல் புதுசில்லை. நாம் திருப்பிக் கேட்க வேண்டியதும் பழைய கேள்விதான்: எதுக்கான தகுதி? அதை நிரூபிச்சது யாரு?