ஏறாத குன்று

பால் நாஷைப் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் 'இடத்தின் ஆன்மா' என்ற சொல்லில் வந்து நிற்பார்கள். அது அவரே விரும்பிப் பயன்படுத்திய சொல்தான். எனக்கு அதில் சிக்கல் என்னன்னா, ஆன்மா என்று சொன்னதுமே உடம்பை மறந்துவிடுகிறோம். அவர் இளமையிலும் கடைசிக் காலத்திலும் திரும்பத் திரும்ப வரைந்தது விட்டன்ஹாம் கிளம்ப்ஸ் என்கிற சின்னக் குன்றை. அந்த ஓவியங்களை உடம்பின் பக்கமிருந்து, குறிப்பாக மூச்சின் பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

குன்று இருப்பது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில். மலை என்று சொல்ல மனசு வராது. உயரம் 120 மீட்டர் அளவுதான். கரடு என்றும் சொல்ல முடியாது, பாறையே கண்ணில் படாது. புல் போர்த்திய இரண்டு உருண்டை மேடுகள்: ஒன்று ரவுண்ட் ஹில், இன்னொன்று காஸில் ஹில். இரண்டின் உச்சியிலும் குடுமி வைத்ததுபோல ஒரு மரக்கூட்டம். 1740களில் நட்ட பீச் மரங்களின் வழி வந்தது அது. சுற்றிலும் சமவெளி என்பதால் பல மைல் தள்ளியிருந்தும் இதை அடையாளம் கண்டுவிடலாம். ஊர்க்காரர்கள் இதற்கு 'டஞ்ச் அம்மாவின் பிட்டங்கள்' என்று ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆன்மாவைத் தேடுகிறவர்கள் இந்தப் பெயரை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆனால் குன்றை ஒரு உடம்பாக முதலில் பார்த்தது ஓவியர் இல்லை, ஊர்தான்.

லிட்டில் விட்டன்ஹாம் தேவாலயத்தின் பக்கமிருந்து நான் ஏறினேன். புல்வெளி, ஒரு மரக்கதவு, அப்புறம் சரிவு. இருபது நிமிஷத்தில் மேலே போய்விடலாம். மேலே போனதும் ஒரு வேடிக்கை நடக்கிறது. எதைப் பார்க்க வந்தோமோ அது காணாமல் போகிறது. டார்செஸ்டர் மடாலயம் தெரிகிறது, தேம்ஸ் வளைந்து போவது தெரிகிறது, தூரத்தில் டிட்காட் தெரிகிறது. டிட்காட் அனல்மின் நிலையத்தின் ஆறு குளிர்விப்புக் கோபுரங்கள் இந்தக் காட்சியில் பல ஆண்டுகள் நின்றன. 2014இலும் 2019இலும் மும்மூன்றாக இடித்துவிட்டார்கள். இத்தனையும் தெரிகிறது, குன்று மட்டும் தெரிவதில்லை. அது காலுக்குக் கீழே வெறும் புல்லாகிவிடுகிறது.

குன்றேறிகளின் எழுத்து பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. காஸில் ஹில்லிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1840களின் நடுவில், பக்கத்து ஊரான வார்பரோவைச் சேர்ந்த ஜோசப் டப் என்பவர் இங்கிருந்த ஒரு பீச் மரத்தின் பட்டையில் இருபது வரிக் கவிதையைச் செதுக்கினார். குன்றிலிருந்து என்னென்ன தெரிகிறது என்பதுதான் கவிதை. மரம் வளர வளர எழுத்துகள் விரிந்து உருக்குலைந்தன. 1994இல் அந்த வரிகளைப் பொறித்து ஒரு கல் வைத்தார்கள். பட்டுப்போன மரம் 2012இல் சரிந்து விழுந்தது. எனக்கு டப்பைப் பிடிக்கும். மரத்தோடு அவ்வளவு மல்லுக்கட்டியவரைப் பிடிக்காமல் போகுமா? ஆனால் அவர் கவிதை குன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஏறியவர்கள் எல்லோருக்கும் நேர்வது அது.

நாஷ் அப்படி நிற்கவில்லை. 1889இல் பிறந்தவர், வாலிங்ஃபோர்டு அருகே உறவினர் வீட்டுக்கு வந்துபோன இளம் வயதிலேயே இந்தக் குன்றில் மயங்கிவிட்டார். 1912இல் வரைந்த 'குன்றின் மேல் காடு' போன்ற ஆரம்பகாலச் சித்திரங்களில் மையும் மெல்லிய வண்ணமும் மட்டும்தான். ஆனால் மரக்கூட்டத்துக்கு ஒரு முகம் வந்துவிடுகிறது. சரிவில் நடந்து திரிந்த ஒருவரின் அண்மை அதில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நடந்தால் தொட்டுவிடலாம் என்று தோன்றும்.

பிறகு போர் வந்தது. 1917இல் பெல்ஜியத்தின் ஈப்ர் முனையில் நாஷ் ஒரு பதுங்குகுழிக்குள் விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டார். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாள்களில், 'ஹில் 60' என்ற இடத்தின் மீதான தாக்குதலில் அவருடைய படைப்பிரிவில் பெரும்பாலானோர் இறந்துபோனார்கள். 60 என்பது வெறும் உயரக் கணக்கு. கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டர். விட்டன்ஹாமில் பாதிதான். அந்த மேட்டைப் பிடிப்பதற்கு அத்தனை உயிர். இதை வைத்துக்கொண்டு நாஷின் மனசுக்குள் புகுந்து எதையும் நிரூபிக்க நான் முயலவில்லை. ஆனால் ஒரு சின்ன மேடு என்பது அதற்குப் பிறகு அவருக்கு வெறும் உலாவும் இடமாக இருந்திருக்க முடியாது என்று மட்டும் சொல்லலாம்.

இனி கடைசி ஓவியங்களுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாஷ் ஆக்ஸ்ஃபோர்டில் வசித்தார். ஆஸ்துமா அவரைத் தின்றுகொண்டிருந்தது. நகருக்கு வெளியே போர்ஸ் ஹில் என்ற மேட்டில் ஒரு தோழியின் வீடு. அங்கே போய் இருக்கும்போது, பைனாகுலர் வழியாகத் தெற்கே பார்ப்பார். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, இளமையில் நடந்த அதே குன்று. 1943, 1944இல் வரைந்த 'வசந்த சம இரவு நாளின் நிலக்காட்சி', 'கோடைத் திருப்பத்தின் நிலக்காட்சி', 'நிலவின் கடைசிக் கட்டத்து நிலக்காட்சி' எல்லாம் இங்கிருந்து பார்த்தவைதான்.

இந்த ஓவியங்களில் இடம் தட்டையாக, அடுக்கடுக்காக இருக்கும். முன்னால் தோட்டத்து மரங்களும் செடிகளும், அதற்குப் பின்னால் வயல், அதன் மேலேயே குன்று. நடுவிலிருக்கும் தூரத்தை யாரோ சுருட்டி எடுத்துவிட்டதுபோல. கனவுத்தன்மை, சர்ரியலிசம் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். சரிதான். கூடவே, பைனாகுலரில் பார்த்த யாருக்கும் தெரிந்த விஷயமும் இது: லென்ஸ் தூரத்தைப் பெரிதாக்கும்போது ஆழத்தைத் தின்றுவிடும். மாயமாகத் தெரிவதில் ஒரு பாதி, மூச்சுவிடச் சிரமப்பட்ட ஒருவர் கண்ணில் வைத்துப் பார்த்த கருவியின் தன்மை. இதனால் ஓவியம் சின்னதாகிவிடாது. எனக்கு இன்னும் நெருக்கமாகிறது.

ஆனால் கருவி எல்லாவற்றையும் விளக்கிவிடாது. சம இரவு நாள் ஓவியத்தில் ஒருபுறம் சூரியன், மறுபுறம் வட்ட நிலவு, நடுவில் குன்று. யோசித்துப் பாருங்கள்: முழுநிலவு கிழக்கே எழும்போது சூரியன் மேற்கே விழும். ஒன்றைப் பார்த்தால் மற்றது முதுகுக்குப் பின்னால் இருக்கும். எந்த மேட்டில் நின்றாலும், எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் இரண்டையும் ஒரே சட்டகத்தில் பிடிக்க முடியாது. நடந்து போக முடியாத மனிதர் வானத்தை மடித்துக் குன்றுக்கு இருபக்கமும் வைத்துவிட்டார். பார்த்ததற்கு உண்மையாக இருந்துகொண்டே பார்க்க முடியாததையும் சேர்த்துக்கொள்கிற இந்தத் துணிச்சல் 1912இன் இளைஞருக்கு இல்லை.

நம் இலக்கியச் சூழலில் 'அனுபவிச்சவன்தான் எழுதணும்' என்ற குரல் அடிக்கடி கேட்கும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை; போகாத ஊருக்கு வழி சொல்கிற எழுத்தை நிறையப் பார்த்திருக்கிறோம். ஆனால் அனுபவம் என்றால் போய்த் தொட்டது மட்டும்தானா? போக முடியாமல் இருப்பதும் அனுபவம்தானே? கேட்க வேண்டியது, தூரத்தில் இருப்பவர் அந்தத் தூரத்தை மறைக்கிறாரா, காட்டுகிறாரா என்பதைத்தான். நாஷ் காட்டுகிறார். முன்னால் நிற்கும் தோட்டத்து மரங்கள் அதற்காகத்தான். 'நான் இங்கே இருக்கிறேன், அது அங்கே இருக்கிறது' என்பதை ஒவ்வொரு ஓவியமும் சொல்லிவிடுகிறது.

அவரும் சறுக்குகிறார். 1945இன் 'சூரியகாந்தியின் திருப்பம்' ஓவியத்தில் சூரியகாந்தி ஒரு சக்கரமாகிச் சரிவில் உருள்கிறது. பலர் அதை உச்சம் என்கிறார்கள். எனக்கு அங்கே குறியீடு கொஞ்சம் சத்தமாகக் கேட்கிறது. நிலம் வெறும் மேடையாகி, கருத்து நடிக்க ஆரம்பித்துவிடுகிறது. குன்று இருக்கும் ஓவியங்களில் அந்த ஆபத்து குறைவு. அது பிடிவாதமாகக் குன்றாகவே இருந்துகொண்டு குறியீட்டை அடக்கி வைக்கிறது.

எனக்குப் பிடித்தது லிவர்பூலின் வாக்கர் காட்சிக்கூடத்தில் இருக்கும் 'நிலவின் கடைசிக் கட்டத்து நிலக்காட்சி'. 1944இல் வரைந்தது. இரண்டு வருஷத்தில், 57 வயதில் நாஷ் இறந்துவிட்டார். அதில் மனிதர் யாரும் இல்லை. மரங்களும் குன்றும் நிலவும்தான். ஏறுவதற்கான அழைப்பும் இல்லை, ஏற முடியவில்லையே என்ற புலம்பலும் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்பு இருபது நிமிஷத்தில் ஏறிய ஒன்றை, இப்போது இருக்கும் இடத்திலிருந்தே ஒருவர் முழுதாகப் பார்த்து முடிக்கிறார். அவ்வளவுதான். விட்டன்ஹாம் போகிறவர்கள் கட்டாயம் ஏறுங்கள். இறங்கியபின், டார்செஸ்டர் பக்கம் நடந்துபோய் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். குன்று அப்போதுதான் தெரியும்.