கோம்பாக்கின் கரைமரம்

கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜாமேக் பள்ளிவாசல் அருகே கிள்ளான் ஆற்றோடு கலக்கும் கோம்பாக் ஆறு, நகருக்குள் சிமெண்டுக் கரைகளிடையே ஒடுங்கி ஓடினாலும், தித்திவங்சா மலைச்சரிவில் பாறைகளினூடே தெளிந்திறங்கும் ஓடையாகவே தொடங்குகிறது. இத்தகைய மேலோடைகளின் கரையில் நிற்கும் காப்பிஸ் மரம், தமிழர் அறிந்த அசோக மரத்தின் பேரினமான சராக்காவைச் சேர்ந்தது. மலாயாவின் மரங்களை ஆராய்ந்த இ. ஜே. எச். கார்னர், ஆறுகளைக் கரைமரங்களைக் கொண்டே வகைப்படுத்தி, பாறை நிறைந்த சிற்றோடைகளுக்கு இப்பேரினத்தின் பெயரையே சூட்டியது வியக்கத்தக்க கூர்மை.

இம்மரத்தின் தளிர்கள், விறைப்பேறாத நிலையில், வெளிறிய ஊதா நிறத்தில் துவண்டு தொங்கி, பச்சையம் என்னும் நிறமி ஏறிய பின்னரே நிமிர்கின்றன. பூக்கள் முதிர்ந்த கிளைகளிலும் அடிமரத்திலுமே கொத்துக் கொத்தாக மலர்கின்றன. மஞ்சளாக ஒளிர்பவை அல்லிகள் அல்ல, பூவின் புறவட்டமான புல்லிகளே.

கரைமரங்கள் ஓடைக்குத் தம் உதிர் இலைகளையும் அளிக்கின்றன. குளிர்நாட்டு இலையுதிர் மரங்கள் ஓராண்டுச் சருகைப் பெரும்பாலும் ஒரே பருவத்தில் ஓடைக்கு அளித்துவிட, இங்குள்ள பசுமைமாறாக் காடோ ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்க்கிறது. விழுந்த இலையைப் பூஞ்சைகள் மென்மையாக்க, நீர்ப்பூச்சிகளின் இளம்பருவங்கள் அதைத் தின்று துகளாக்க, அத்துகள்களைக் கற்களிடையே பட்டுவலை பின்னியிருக்கும் வேறு புழுக்கள் வடித்து உண்கின்றன. 1973இல் ஜே. இ. பிஷப் கோம்பாக் ஆற்றின் நன்னீரியலை ஒரு முழு நூலாகவே எழுதினார். கரைமரங்கள் வெட்டப்படுமிடத்தில் நிழல் போய் நீர் சூடேற, அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைய, வேர்ப்பிடிப்பு இழந்த மண் சரிந்து அப்புழுக்களின் பட்டுவலைகளை மூடிவிடுகிறது.