நூறு கேமராக்கள் பார்த்த காந்தி

காரைக்குடியை அடுத்த கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார் (1911–1983). காந்தியைப் பற்றி அவர் தந்த ஆவணப்படம் 1940 ஆகஸ்ட் 23-ல் சென்னையில் திரைக்கு வந்தது. அதில் ஓடிய காட்சிகள் முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய நூறு கேமராக்காரர்கள் எடுத்தவை. செட்டியாரின் வேலை அவற்றைத் தேடிப் பிடித்துக் கோப்பது.

யோசனை உதித்த நாளும் பொருத்தமானது: காந்தி பிறந்தநாளான 1937 அக்டோபர் 2, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகிற கப்பலில். அப்போது அவருக்கு வயது 25. கையில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கற்ற புகைப்படக் கலை, ரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்திய அனுபவம். பிறகு உலகெங்கும் லட்சம் மைல் அலைச்சல். சேர்ந்த பிலிம் 50,000 அடி. படத்தில் நின்றது 12,000 அடி. அதாவது திரையில் ஓடும் ஒவ்வோர் அடிக்கும் மூன்றடிக்கு மேல் கழித்துக்கட்ட வேண்டியிருந்தது. எதை விடுவது என்று தெரிந்தவன்தான் தொகுப்பாளன்.

இந்த வேலையின் சிக்கல் ரசிக்கத்தக்கது. மௌனப்பட நாட்களில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஆளுக்கொரு வேகம், பெரும்பாலும் நொடிக்குப் பதினாறு சட்டகங்களை ஒட்டி. பேசும்படக் கருவியோ இருபத்துநான்கு ஓட்டும். பழைய பிலிமை அப்படியே ஏற்றினால் மனிதர்கள் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். காந்தியோ இயல்பிலேயே வேகநடைக்காரர்! பல கைகள், பல வேகங்கள், பல நாடுகளின் பிலிம். அத்தனையும் ஒரே மனிதரின் வாழ்க்கையாகத் தெரிய வேண்டும்.

படம் உருவான கதையைச் செட்டியார் பின்னாளில் தம் ‘குமரி மலர்’ இதழில் எழுதினார். ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்று ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பில் காலச்சுவடு வெளியிட்ட நூல் அதுதான். திரைக்குப் பின்னால் நடப்பதைச் சொல்லும் படைப்புகளில் இதற்குத் தனி இடம் உண்டு. 1991-ல் வந்த ‘ஹார்ட்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ ஆவணப்படத்தைப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் ‘அபோகலிப்ஸ் நௌ’ எடுத்துத் திண்டாடும் இயக்குநர் கொப்போலாதான் அதற்கு நாயகன்; நடிக்க வந்த இஃபுகாவோ பழங்குடியினர் ஓரமாக வந்து போகிறார்கள். செட்டியாரின் எழுத்தில் எழுதுகிறவர் ஒதுங்கி நிற்கிறார். சந்தித்தவர்கள், உதவியவர்கள், கதவைத் திறந்துவிட்டவர்கள் முன்னால் வருகிறார்கள். இந்த அடக்கம் சில இடங்களில் அளவு மீறுகிறது என்றும் சொல்லத் தோன்றுகிறது. அலைந்தவரின் களைப்பும் கோபமும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நூலுக்குச் சுவை கூடியிருக்கும்.

இன்னொன்று மொழி. தேசத் தலைவர் பற்றிய முழுநீள ஆவணப்படம் முதலில் பேசியது தமிழில். டி.கே. பட்டம்மாள் அதில் பாடினார். தெலுங்கு வடிவமும் வந்தது. நூறு பேரில் பலர் வேற்று நாட்டவர்கள், வேற்று மொழிக்காரர்கள். அவர்கள் பார்த்ததைத் தமிழ்க் குரல் சொன்னது. காந்தி யாருடையவர் என்ற கேள்விக்கு ஒரு நகரத்தார் இளைஞர் சத்தமில்லாமல் சொன்ன பதிலாக அதை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கேமராக்காரர்களில் பெரும்பாலானோரின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை என்பதுதான் குறை.

படத்தின் தமிழ்ப் பிரதி கைக்கு வரவில்லை. 1953-ல் அமெரிக்காவில் உருவான ஆங்கில வடிவம் கிடைத்திருக்கிறது. அது வெட்டிச் சுருக்கியது, குரலும் வேறு. எனவே 1940-ல் சென்னை ரசிகர்கள் பார்த்த படத்தை நெருங்க விரும்புகிறவர்கள் செட்டியாரின் நூலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.