இரண்டாவது நாற்காலி

பதினான்கு உருப்படிகள். பதின்மூன்றைத் தனியாள் வாசித்தார். ஒன்றை மட்டும் இருவர் சேர்ந்து வாசித்தனர். ஹட்டன் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் பங்குகொண்ட பியானோ நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு வந்ததும் குறிப்பேட்டில் நான் முதலில் எழுதிய கணக்கு இது. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டியதில்லை. கண்டியிலும் நுவரெலியாவிலும் இதே வகை நிகழ்ச்சிகளைக் கேட்டிருக்கிறேன். கணக்கு பெரிதாக மாறுவதில்லை. நான் எடைபோடுவது ஒரு பாடசாலையை அல்ல, ஒரு வழக்கத்தை.

அழைப்பிதழில் 'ஒன்றுகூடல்' என்று அச்சிட்டிருந்தார்கள். நிகழ்ச்சி தனக்கென்று வைத்துக்கொண்ட இலக்கு அது என்றால், அதைக்கொண்டே அளப்பதுதான் முறை. இடைவேளைத் தேநீரின்போது ஒன்றுகூடல் நடந்தது என்பதில் ஐயமில்லை. முப்பது ஆண்டுக்கு முந்திய வகுப்புத் தோழிகள் கையைப் பிடித்தபடி நின்றார்கள், அது மதிக்கத்தக்கது. திறனாய்வின் கேள்வி வேறு: இசைக்குள் அது நடந்ததா?

முதலில் வாசிப்பின் தரம். உயர்தர வகுப்பு மாணவி ஒருவர், பாக் தன் மூத்த மகனுக்குப் பாடமாக எழுதிக் கொடுத்த இரண்டு குரல் இன்வென்ஷன்களில் முதலாவதை எடுத்துக்கொண்டார். இடக்கையை வலக்கைக்குத் துணையாக ஒடுக்காமல் இரு குரலுக்கும் சம உரிமை கொடுத்தார். வலக்கை சொன்னதை இடக்கை திருப்பிச் சொல்லும் இடங்கள் உரையாடலாகவே கேட்டன. ஆனால் விரற்சிக்கல் வந்த இடத்தில் காலப்பிரமாணம் தளர்ந்தது. அதை ஈடுகட்ட முடிவை நோக்கி ஓடினார். கருத்து தெளிவு, கட்டுப்பாடு பாதி.

பழைய மாணவர் ஒருவர் பேத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவில் முதற்பகுதியை வாசித்தார். மும்மூன்றாக ஓடும் சுரங்களுக்கு மேலே வரும் ராகத்தில் ஒரு குறுஞ்சுரம் உண்டு. அது கீழே ஓடும் மூன்றாம் சுரத்தோடு ஒட்டி விழக் கூடாது, ஒரு மயிரிழை பின்னே விழ வேண்டும். பலரும் தவறும் இடம். அவர் ஒரு முறைகூடத் தவறவில்லை. அத்தனை நுட்பத்தையும் அவருடைய பெடல் அழித்தது. சுரக்கூட்டு மாறும்போது காலை எடுக்காததால் கீழ்ச்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அந்த ராகம் சேற்றில் கால் வைத்தது போல் நின்றது. கை கற்றவர், கால் மறந்தவர்.

இவை தனியாள் குறைகள், பயிற்சியால் தீரும். நிகழ்ச்சி நிரலை வகுத்தவர்களின் குறை அப்படிப்பட்டதல்ல. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு ஷூமனின் 'டிராய்மரை' கொடுத்திருந்தார்கள். நாற்பதைக் கடந்த பழைய மாணவி அதே ஷூமனின் 'மகிழ்ச்சியான உழவன்' வாசித்தார். இரண்டும் இடம் மாறி நிற்கின்றன. 'டிராய்மரை' 1838-ல் வந்த 'குழந்தைக் காட்சிகள்' தொகுதியைச் சேர்ந்தது; வளர்ந்த ஒருவர் குழந்தைப் பருவத்தைத் திரும்பிப் பார்க்கும் இசை அது. 'மகிழ்ச்சியான உழவன்' இருப்பதோ 1848-ல் தன் பிள்ளைகளின் கைக்கென்றே ஷூமன் எழுதத் தொடங்கிய 'இளையோர் ஆல்பம்' தொகுதியில். ஒன்று நினைவு, மற்றது பாடம். பழைய மாணவியிடம் நினைவையும் சிறுமியிடம் பாடத்தையும் கொடுத்து அடுத்தடுத்து வைத்திருந்தால், ஒரு சொல்லும் பேசாமல் அந்த மாலையின் பொருள் விளங்கியிருக்கும். சிறுமி சுரங்களைச் சரியாகத் தொட்டாள். இழக்காத ஒன்றுக்கு அவள் ஏங்க முடியாது. பழைய மாணவி பிழையின்றி முடித்தார். அவருடைய வயதுக்கு அந்த உருப்படியில் வேலை இல்லை.

இந்தத் தவறு அக்கறையின்மையால் வந்ததல்ல, பழக்கத்தால் வந்தது. நம் நாட்டில் பியானோ கற்பது என்றால் பெரும்பாலும் பரீட்சைக்குக் கற்பது. பரீட்சை நடத்துபவற்றில் முதன்மையானவை இரண்டு. ஒன்று, 1889-ல் இலண்டனில் தொடங்கிய இராயல் இசைப் பாடசாலைகளின் கூட்டுச் சபை. மற்றது, அதற்கும் முந்திய இலண்டன் டிரினிட்டி கல்லூரி. இவ்விரண்டின் கிரேட்டுகளே பிள்ளையின் வளர்ச்சியை அளக்கும் படிகள். ஆண்டு முழுவதும் ஒரு சில உருப்படிகள், ஸ்கேல்கள், பார்த்தவுடன் வாசித்தல், காது கொடுத்துக் கேட்டுச் சொல்லுதல். ஒழுங்கை வளர்த்ததில் இம்முறைக்குப் பெரும் பங்குண்டு. கொழும்பிலிருந்து தூரத்திலிருக்கும் ஒரு மலைநகரப் பிள்ளையின் உழைப்பை இலண்டன் அளவுகோலால் மதிப்பிட வைத்ததே ஒரு சாதனை. அதே முறைதான் பிள்ளையைத் தனியறையில் ஒரு பரீட்சகர் முன் தனியாக உட்காரவும் பழக்கியது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு ஒவ்வொருவரும் தான் கடைசியாகத் தேறிய கிரேட்டின் உருப்படியைக் கொண்டு வருகிறார். சேர்த்து வைத்தால் கிடைப்பது ஒரு பரீட்சை வரிசை. ஒருவர் வாசிக்கிறார், அடுத்தவர் காத்திருக்கிறார். காத்திருத்தல் கூட்டிசை ஆகாது.

வாத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்; அதைக் கழித்துக்கொள்ளாமல் வாசித்தவர்களை மதிப்பிடுவது அநீதி. நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே இருக்கிறது. ஹட்டன் அதைவிடத் தாழ்வு. ஆனால் மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் வட்டவளை, டிக்கோயா, ஹட்டன் எங்கும் சுவரே வியர்க்கும். பியானோவுக்குள் 200-க்கும் மேற்பட்ட கம்பிகள் ஏறத்தாழ 20 தொன் இழுவிசையில் நிற்கின்றன. அவற்றின் அதிர்வை வாங்கிப் பெருக்குவது ஒரு மெல்லிய மரப்பலகை. ஈரம் குடித்தால் பலகை உப்பி மேலே வளையும், கம்பிகள் இறுகும், நடு ஸ்தாயியில் சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஏறாததால் வாத்தியம் தன்னோடு தானே முரண்படும். அன்று கேட்ட பியானோவின் நடுப்பகுதி மேற்பகுதியைவிடத் தெளிவாக ஏறியிருந்தது. உள்ளே ஒரு பல்ப்பை எரியவிட்டு ஈரத்தை விரட்டும் பழைய வழக்கத்தை இன்னும் சில இடங்களில் காணலாம். எளிய வழி, பயனுள்ள வழி. அதற்குமேல் வேண்டியது பருவத்தைப் பார்த்து நாள் குறிப்பது. மழை மாதத்தில் நிகழ்ச்சி வைத்தால், தகரக் கூரைமேல் விழும் மழையோடு பியானோ போட்டியிட வேண்டும். மெல்லொலி என்ற ஒன்றே வாசிப்பவருக்குக் கிடைக்காது. அன்று கிடைக்கவில்லை.

இந்த மலையில் இன்னொரு வாத்தியம் இதே ஈரத்தோடு நெடுங்காலமாகப் பழகி வருகிறது. தப்பின் தோல் பனியில் தொய்யும். அடிக்குமுன் நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். ஓசை ஏறும்வரை தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். காமன் எரிந்த கதையைத் தப்பு முழங்க ஆடும் காமன் கூத்து தோட்டங்களில் நடப்பது மாசியில், மலையில் மழை ஓய்ந்திருக்கும் மாதத்தில். சமயம் குறித்த நாள்தான். ஆனாலும் திறந்த வெளியில் இரவெல்லாம் ஆடும் கலைக்கு அதைவிடப் பொருத்தமான பருவம் இங்கே இல்லை.

காமன் கூத்தை இழுத்து வருவது பருவத்துக்காக மட்டுமல்ல. பழையவரும் புதியவரும் ஒரே களத்தில் கூடும் கலைவடிவம் ஒன்றை மலையகம் ஏற்கெனவே தன் கையில் வைத்திருக்கிறது. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர் கூத்துக்காகத் தோட்டத்து லயங்களுக்குத் திரும்புகிறார்கள். முன்பு ரதியாகவோ மதனாகவோ ஆடியவர் இன்று ஆடுவதில்லை. பாட்டை எடுத்துக்கொடுக்கும் வாத்தியாரோடு பின்பாட்டில் நிற்கிறார். வாத்தியார் ஓர் அடியைப் பாட, சூழ நிற்பவர்கள் வாங்கித் திருப்பிப் பாட, அந்தத் தாங்கலின்மேல்தான் ரதி வேடமிட்ட இன்றைய பையன் ஆடுகிறான். மதன் எரிந்தபின் வரும் புலம்பலில் பையனின் குரல் உடையும் இடத்தைப் பழைய ரதியின் குரல் ஏந்திக்கொள்கிறது. அங்கே ஒன்றுகூடல் வடிவத்திலேயே இருக்கிறது. அறிவிப்பாளர் சொல்ல வேண்டியதில்லை. நாட்டார் கலையின் கட்டற்ற தன்மையால் கூத்திலும் தொய்வு உண்டு, நீளம் உண்டு, சினிமா மெட்டுகளின் ஊடுருவல் உண்டு. அவற்றை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் மூத்தவருக்கும் இளையவருக்கும் வெவ்வேறு வேலை கொடுத்து ஒரே ஓசையாக்கும் முறை அதில் பழுதற்றது.

பியானோவுக்கு இந்த முறை அந்நியமும் அல்ல. ஒரே வாத்தியத்தில் இருவர் உட்கார்ந்து நான்கு கைகளால் வாசிக்கும் இலக்கியம் பெரிது. அதில் கணிசமான பகுதி ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்கவென்றே பிறந்தது. ஹைடன் எழுதிய மாறுவடிவங்களுக்குப் பெயரே 'குருவும் சீடனும்'. கீழ்ப்பகுதியில் இருப்பவர் ஒரு வாக்கியம் சொல்ல, மேற்பகுதியில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்கிறார். வாத்தியாரும் பின்பாட்டும் செய்வது அதே வேலை. டியாபெல்லியின் ஓபஸ் 149, மாணவரின் கையை ஐந்து சுரத்துக்குள் நிறுத்திவிட்டு, இசையின் பாரத்தை மற்றவர்மேல் ஏற்றுகிறது. ஸ்டிராவின்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் இரண்டு சிறு தொகுதிகள் எழுதினார்: ஒன்றில் கீழ்ப்பகுதி எளிது, மற்றதில் மேற்பகுதி எளிது. இரண்டையும் ஒரே மாலையில் வாசித்தால் யார் தாங்குகிறார், யார் பறக்கிறார் என்பது கண்முன்னே இடம் மாறும். சிகரமாக ஷூபர்ட்டின் எஃப் மைனர் ஃபேன்டசி நிற்கிறது. தன் வாழ்வின் கடைசி ஆண்டான 1828-ல் எழுதி, ஒருகாலத்தில் தன்னிடம் பாடம் கேட்ட கரோலின் எஸ்தர்ஹாசிக்கு அவர் அதைக் காணிக்கையாக்கினார்.

அன்றைய பதினான்கில் ஒன்று டியாபெல்லி. ஐம்பதைக் கடந்த பழைய மாணவி கீழ்ப்பகுதியிலும் ஏழாம் ஆண்டுச் சிறுமி மேற்பகுதியிலும் அமர்ந்தார்கள். நுட்பத்தை மட்டும் அளந்தால் அந்த மாலையின் மிக எளிய உருப்படி. இரண்டாம் பகுதியில் சிறுமி ஒரு மாத்திரையை விழுங்கி முன்னே போய்விட்டாள். பழைய மாணவி நிறுத்தவில்லை, தலையைத் திருப்பவுமில்லை. தன் கையில் இருந்த சுரக்கூட்டைச் சுருக்கி, அவள் போன இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். அடுத்த நான்கு மாத்திரையில் சிறுமியின் தோள் இறங்கியது, தொடுகை மென்மையானது; அதுவரை சுரங்களை எண்ணியவள் வாக்கியமாக வாசிக்கத் தொடங்கினாள். எல்லாத் தனியாவர்த்தனங்களையும்விட அதிக இசை அந்த நான்கு மாத்திரையில் இருந்தது என்று தயக்கமின்றி எழுதுகிறேன். கேட்டுக்கொண்டே வாசிப்பது என்பது தனித் திறன். எந்த கிரேட்டும் அதை முழுதாக அளப்பதில்லை. உலக மேடையில் நம் நாட்டின் பெயர் சொல்லும் பியானோக் கலைஞர் ரோஹன் டி சில்வா, இட்சாக் பெர்ல்மனின் வயலினுக்குத் துணை வாசிப்பவர் என்பதை நம் ஆசிரியர்கள் மறக்கக் கூடாது.

டியாபெல்லி முடிந்ததும், அடுத்தவருக்கு இடம் வேண்டுமென்று உதவிக்கு நின்ற மாணவன் இரண்டாவது நாற்காலியைத் தூக்கிச் சென்றான். அது பிறகு மேடைக்கு வரவில்லை.

இன்னொரு முயற்சியையும் குறிப்பிடாமல் விடுவது சரியல்ல. பழைய மாணவர் ஒருவர் கொழுந்து பறிக்கும் பெண்களின் தெம்மாங்கு மெட்டு ஒன்றைப் பியானோவுக்கு அமைத்து வந்திருந்தார். கோவில் பஜனையையும் தேவாலயப் பாட்டையும் தாண்டி, மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த தோட்டப் பாடல் மரபை நோக்கி ஒருவர் கை நீட்டியது துணிவு. அமைப்போ மெட்டுக்குத் துரோகம் செய்தது. வளைந்து இறங்க வேண்டிய சுரத்தைப் பியானோ வளைக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்த வரம்பு. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். குறை வேறு: கீழே அவர் வைத்தவை ஞானப்பாட்டுப் புத்தகத்தின் சுரக்கூட்டுகள். மெட்டு ஓரிடத்தில் முடியாமல் தொங்க விரும்பியது. சுரக்கூட்டு அதை ஆமென் சொல்லி முடித்துவைத்தது. பார்ட்டோக் 1908, 1909-ல் ஹங்கேரிய, ஸ்லோவாக்கிய நாட்டுப் பாடல்களைக் 'குழந்தைகளுக்கு' என்ற தொகுதியில் அமைத்த முறையை அவர் ஒருமுறை படிக்க வேண்டும். மெட்டின் இயல்பிலிருந்தே துணைச் சுரம் பிறக்கிறது. பல இடங்களில் ஒரே ஒரு நீள்சுரம் போதுமாகிறது. நம் மெட்டுக்கும் ஒரு சுருதிச் சுரமும் தப்பின் நடையும் போதும். அந்த நடையை வாசிக்கவும் இன்னும் இரண்டு கைகள் வேண்டும்.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வாசிப்பில் அந்த மாலை மதிப்புக்குரியது. பாக், பேத்தோவன் இரண்டிலும் உழைப்பும் புரிதலும் இருந்தன. நிரல் அமைப்பில் அது தோல்வி. ஒன்றுகூடல் என்ற இலக்கைப் பதினான்கில் ஒரு முறைதான் தொட்டது. பதினான்கில் ஏழு உருப்படியாவது இருவர் வாசிப்பதாக அமையாத நிகழ்ச்சியை அப்பெயரால் அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். தனியாவர்த்தனத்துக்கு வேறு நாள் இருக்கிறது.

ஹைடனும் டியாபெல்லியும் ஓரிரு மாதத்தில் ஆகிவிடும். ஷூபர்ட்டுக்கு ஓராண்டு வேண்டும், அதுவும் அருகருகே நாற்காலி போட்டு உட்கார்ந்த ஓராண்டு. ஒருவர் கொழும்பிலும் ஒருவர் மலையிலும் தனித்தனியே பழகிவிட்டு அன்று மாலை சந்தித்தால் முதல் பக்கத்திலேயே கை இடிக்கும், இருவரில் யார் பெடலை மிதிப்பது என்றுகூடத் தெரியாது. 1884-லேயே ஹட்டனுக்கு ரயில் வந்துவிட்டது. பழைய மாணவர் மாதம் ஒருமுறை அதில் ஏறி வர வேண்டும்.