பாட்டி பெயர் இல்லாத வம்சாவளி

ஆரணிக் கோட்டைப் பகுதியில் கர்னல் ராபர்ட் கெல்லிக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போர் மூண்ட 1790இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்தவர் 74ஆம் ஹைலாண்டர் படையைச் சேர்ந்த ஹாமில்டன் மாக்ஸ்வெல். ஸ்காட்லாந்தில் மான்ரீத் மாக்ஸ்வெல் என்றால் பெரிய இடம். உடன்பிறந்தவள் ஜேன், கார்டன் கோமகனின் மனைவி. இப்படிப்பட்டவரின் வம்சாவளியைத் தேட யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. கெல்லி கதை வேறு. அயர்லாந்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கெல்லி மேல்தான் விழ வேண்டும். ஆனால் ஸ்காட்லாந்திலும் மேன் தீவிலும் கெல்லிகள் உண்டு. குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ‘எங்கள் பூட்டன் ஐரிஷ்காரர்’ என்று சொல்லிவிடுவது, முதலியார் என்ற பட்டத்தை மட்டும் பார்த்து ஒருவருக்கு ஊர் கண்டுபிடிப்பது மாதிரி.

வெள்ளைக்காரத் தாத்தாவின் பூர்வீகத்தைத் தேடும் இந்த வேலை வெறும் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. 1968இல் பிரிட்டன் கொண்டுவந்த குடியேற்றச் சட்டம், பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருந்தால் ஒரு நியாயம், இல்லாவிட்டால் வேறொரு நியாயம் என்றது. பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்குத் தாத்தாவின் பிறந்த ஊர் திடீரென்று விலை மதிப்புள்ளதாயிற்று. அயர்லாந்துச் சட்டம் இன்றும் அந்த மண்ணில் பிறந்தவரின் பேரப்பிள்ளைக்குக் குடியுரிமை தருகிறது. 1998இல் தொடங்கிய ‘பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கம்’ போன்ற அமைப்புகள் இத்தகைய குடும்பங்களின் பழைய ஆவணங்களைப் பெயர்வாரியாகப் பட்டியலிட்டு வருகின்றன.

ஆரணிக்காரத் தாத்தாவைத் தேடுபவர் ஆரணியில் தொடங்கினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். சிறிய படைத்தளங்களுக்குத் தனிப் பாதிரியார் கிடையாது. பாதிரியார் எங்கே இருந்தாரோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் ஏறின. பழைய எழுத்தில் ‘ஆர்னி’ என்று தேட வேண்டும். பொன்னேரிப் பக்கத்து ஆரணியோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698 முதலான அந்தத் தொகுதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பழைய கல்லறைகளுக்கு 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை. கல் சிதைந்து போன இடங்களிலும் காட்டன் எழுதி வைத்த வாசகம் நிற்கிறது.

சாதாரணச் சிப்பாயைத் தேடுபவருக்கு உதவுவது கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய் பதிவேடுகள். பெயர், வந்த கப்பல், பிறந்த ஊர், அதற்கு முன் செய்த தொழில். தொழில் கட்டத்தில் ‘கூலி’ என்பது அதிகம்; அதற்கு அடுத்தபடியாக அடிக்கடி கண்ணில் படுவது ‘நெசவாளி’. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியிலும் வட அயர்லாந்தின் லினன் ஊர்களிலும் விசைத்தறி வந்து கைத்தறிக்காரன் பிழைப்பில் மண் விழுந்தபோது, படையில் சேர்வது ஒரு வழியாக இருந்தது. 1825 முதல் 1850 வரை வங்காளப் படைக்குச் சேர்க்கப்பட்ட ஐரோப்பியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐரிஷ்காரர்கள். தறியை விட்டு வந்தவன், தறிச் சத்தம் ஓயாத ஆரணிப் பக்கம் துப்பாக்கியோடு வந்து நிற்பதைக் கற்பனை செய்து பார்க்கலாம். பாவு, ஊடை, நாடா எல்லாம் அவனுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்திருக்கும்.

கடல் தாண்டிப் போனால் இரண்டு நாடுகளும் இரண்டு விதம். ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி முதல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு கட்டாயம். முதல் ஆண்டுச் சான்றிதழ்களில் பெற்றோர் பிறந்த ஊர் வரை கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு விவரம் வேலைக்கு ஆகாதென்று அடுத்த ஆண்டே குறைத்துவிட்டார்கள். அயர்லாந்தோ தீயில் இழந்த நாடு. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது. நூற்றுக்கணக்கான திருச்சபைப் பதிவேடுகள் சாம்பலாயின. இங்கேதான் கம்பெனி ஆவணத்துக்கு மதிப்புக் கூடுகிறது. கம்பெனியில் அதிகாரியாகச் சேர விண்ணப்பித்த இளைஞன் தன் ஞானஸ்நானப் பதிவின் நகலை இணைக்க வேண்டும். டப்ளினில் மூலம் எரிந்துபோக, விண்ணப்பக் கட்டில் நகல் பிழைத்துக் கிடக்கிறது.

இவ்வளவும் அப்பன் வழி. இந்தத் துறை முழுக்க அப்பன் வழிதான் என்பதே என் குறை. பல ஞானஸ்நானப் பதிவுகளில் தகப்பன் பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் அழகாக இருக்கும். தாய்க்குரிய இடத்தில் ‘சுதேசிப் பெண்’ என்று ஒற்றை வரி இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்த ஆண்ட்ரூ பெல் 1789இல் எழும்பூரில் பொறுப்பேற்ற ஆண் குழந்தைகள் காப்பகத்தில், தாய் உயிரோடிருந்த பிள்ளைகளும் அநாதைகளாகவே சேர்க்கப்பட்டார்கள். தாயின் பழக்கம் ஒட்டிவிடக் கூடாதென்பது பெல்லின் கொள்கை. 1791இல் கம்பெனி, இந்தியத் தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்தவருக்குத் தன் உயர் பதவிகளில் இடமில்லை என்றது. அப்புறம் எந்தக் குடும்பம் பாட்டியைப் பற்றி வாய் திறக்கும்? நம் அரசியல் சட்டத்தின் 366ஆம் பிரிவும் ஆங்கிலோ இந்தியர் யார் என்பதைத் தகப்பன் வழியை வைத்தே தீர்மானிக்கிறது.

ஆரணிப் பக்கத்து ஞாபகம் இதற்கு ஈடு செய்யுமா என்றால், அதுவும் சந்தேகம்தான். நம்மிடம் குலதெய்வம் ஒரு பதிவேடு. பட்டுத்தறிக் குடும்பம் பிழைப்பு தேடி எத்தனை ஊர் மாறினாலும், வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்கப் போகும் கோயில் பூர்வீகத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கு வீட்டுப் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் கட்டிக்கொடுத்த பெண் புகுந்த வீட்டுக் குலதெய்வத்துக்கு மாறிவிடுகிறாள். வெள்ளைக்காரனோடு போனவளை எந்தப் பங்காளியும் வரிக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டான். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலிருந்து வந்த காலின் மெக்கன்சி தன் உதவியாளர்களைக் கொண்டு ஊர் ஊராகச் சேர்த்த கைபீதுகள் என்ற உள்ளூர் வரலாற்றுக் குறிப்புகள் சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. பாளையக்காரர் வரலாறும் கோயில் மானியமும் அவற்றில் கிடைக்கும். வெள்ளைக்காரனோடு போன ஒருத்தியின் பெயர் கிடைப்பது அபூர்வம்.

மரபணுச் சோதனை தாய் வழியைத் தொட்டுக் காட்டுகிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழர் மாதிரிகள் குறைவாக இருப்பதால் ‘தென்னிந்தியா’ என்பதோடு நின்றுவிடுகிறது. எனக்கு நம்பிக்கை தருவது உயில்கள்தான். சாகும் தறுவாயில் சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் கூச்சம் விட்டுப்போகிறது. கூட வாழ்ந்தவளுக்கு மாதம் இத்தனை பகோடா நாணயம் என்று பெயர் சொல்லி எழுதுகிறான். அந்தப் பெயரைக் காதில் விழுந்தபடி ஒரு குமாஸ்தா ஆங்கிலத்தில் கிறுக்கியிருப்பான். லண்டனில் உட்கார்ந்து படிப்பவருக்கு அது வெறும் எழுத்துக் குவியல். அது முனியம்மாவா, மங்கம்மாவா என்று ஆரணிப் பக்கத்து ஆள் ஒருவர் உரக்கப் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையை இதுவரை யாரும் வரிசையாக எடுத்துச் செய்ததாகத் தெரியவில்லை.