வானிலிருந்து வரும் தீர்ப்பு

ஒரு சமுதாயம் தன் காவலர் கையில் எந்த ஆயுதத்தைக் கொடுக்கின்றது என்பது வெறும் நிர்வாகப் பிரச்சினையன்று. அச்சமுதாயம் தன் மக்களை எவ்வாறு நோக்குகின்றது என்பதற்கு அது ஓர் அளவுகோலாகும். தப்பியோடும் சந்தேக நபரை நிறுத்துவதற்காகப் பொலிஸ் ஹெலிகொப்டர்களில் துப்பாக்கி ஏற்றலாமா என்ற கேள்வி அமெரிக்கக் கண்டத்து நாடுகளில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. சனநெருக்கம் மிக்க தெருவிலே கண்மண் தெரியாமல் காரை ஓட்டிச் செல்பவனை மேலிருந்து ஒரு குண்டினால் நிறுத்திவிட்டால் எத்தனை உயிர்களைக் காக்கலாம் என்று கேட்பவர் அனைவரும் கொடியவர்களல்லர். நியாயமான அச்சங் கொண்டவர்களும் அவர்களுள் உளர். ஆதலின், இக்கேள்வியை எள்ளி ஒதுக்காது, அதற்குரிய கவனத்துடன் பரிசீலிப்பதே முறையாகும்.

எனினும், நாம் சட்டநூல்களிலிருந்து தொடங்கவில்லை. ஒரு திரைப்படத்திலிருந்து தொடங்குகின்றோம். சட்டசபைகளும் நீதிமன்றங்களும் விவாதிப்பதற்கு முன்பே இக்கேள்விக்கான விடையைச் சாதாரண இரசிகனின் மனத்தில் எழுதி வைப்பவை திரையும் தொலைக்காட்சியுமே. கலை வெறும் பொழுதுபோக்கு என்று கூறித் தப்பித்துக்கொள்ள விரும்புவோர் இவ்வுண்மையை ஏற்கமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான்.

1983இல் வெளிவந்த 'புளூ தண்டர்' என்ற அமெரிக்கப் படம் ஜோன் பதாமின் நெறியாள்கையில் உருவானது. கதையை எழுதியவர்கள் டான் ஓபேனனும் டொன் ஜாகோபியும். களம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம். 1984ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விழா அங்கு நெருங்கிக்கொண்டிருக்கின்றது. விழாக் காலத்தில் கலகம் எழுந்தால் அடக்குவதற்கென்று சொல்லி, கவசம் பூண்ட ஹெலிகொப்டர் ஒன்று பரீட்சைக்குக் கொண்டுவரப்படுகின்றது. அது சுவருக்கு அப்பாலுள்ள பேச்சைக் கேட்கும், இருளிலும் பார்க்கும், ஓசையின்றிப் பறக்கும். அதன் மூக்கிலே ஆறு குழல்கள் கொண்ட பீரங்கியொன்று பொருத்தப்பட்டுள்ளது. வியட்நாம் யுத்தத்தில் பறந்து, அதன் கொடூரங்களை மறக்க முடியாது தவிக்கும் மேர்பி என்ற பொலிஸ் விமானி அதனை ஓட்டிப் பார்க்கும் பொறுப்பைப் பெறுகின்றான். றோய் ஷைடர் அப்பாத்திரத்தை ஏற்று நடித்துள்ளார்.

படத்தின் ஆரம்பப் பகுதியிலே ஒரு காட்சி வருகின்றது. பாலைநிலத்தில் ஒரு பொய்த்தெரு அமைத்து, மனித உருவங்களை வெட்டி நிறுத்தியுள்ளனர். சில உருவங்கள் பயங்கரவாதிகளைக் குறிப்பன. ஏனையவை பொதுமக்களைக் குறிப்பன. ஹெலிகொப்டர் மேலிருந்து சுட்டுத் தள்ளுகின்றது. பொதுமக்களைக் குறித்த உருவங்களும் சிதறுகின்றன. பத்துப் பயங்கரவாதிகளுக்கு ஒரு பொதுமகன் என்ற விகிதம் ஏற்கத்தக்கதே என்று அதிகாரியொருவர் கணக்குச் சொல்கின்றார். அந்த ஒருவர் நீங்களாக இல்லாதவரை சரிதான் என்ற கருத்தில் மேர்பி விடையிறுக்கின்றான். இப்பிரச்சினை பற்றிய நீண்ட விவாதங்கள் பலவற்றைவிட இந்தச் சில நொடிகள் கூர்மையானவை. மனித உயிரை விகிதமாக மாற்றும் கணக்கு எங்கிருந்து வருகின்றது என்பதைக் கலைஞன் சரியாகவே இனங்கண்டுள்ளான். அது வியட்நாமிலிருந்து வருகின்றது. அந்நிய மண்ணில் அந்நிய மக்கள் மீது பழகிய போர்முறை, சொந்த நகரின் ஏழைத்தெருக்களுக்குத் திரும்பி வருகின்றது.

இன்னொரு நுட்பமான செய்தியும் படத்தில் உண்டு. பீரங்கி விமானியின் தலைக்கவசத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. அவன் தலை திரும்பும் பக்கம் குழலும் திரும்புகின்றது. பார்ப்பதும் சுடுவதும் ஒரே செயலாகின்றன. ஆயுதமேந்திய ஹெலிகொப்டரின் தத்துவம் முழுவதும் இதிலே அடங்கியுள்ளது எனலாம். சந்தேகம், விசாரணை, வழக்கு, தீர்ப்பு, தண்டனை என்று மனிதகுலம் பல நூற்றாண்டுகளாகப் போராடி உருவாக்கிய படிகள் அனைத்தும், ஒரு தலையசைப்பிலே மறைந்துவிடுகின்றன.

இவ்வளவும் படத்தின் சிறப்பு. ஆனால் அதன் குறையை நாம் மறைத்தல் ஆகாது. ஏழைக் குடியிருப்புகளிலே கலவரத்தைத் தூண்டிவிட்டு, அதனைக் காட்டி இந்த யந்திரத்துக்கு அனுமதி பெறச் சில அதிகாரிகள் சதி செய்வதாகக் கதை அமைகின்றது. சதிகாரர் அம்பலமானதும் தீமை ஒழிந்துவிடுகின்றது. தீயவர் சிலர் கையிலே அகப்பட்டதே குற்றம், அமைப்பிலே குற்றமில்லை என்ற பழைய ஆறுதலுக்கே படம் இறுதியில் வந்து சேர்கின்றது. எவருடைய தெருக்களுக்காக அச்சதி தீட்டப்பட்டதோ அம்மக்களுக்குப் படத்திலே முகமில்லை, குரலில்லை. கமெரா பெரும்பாலும் ஹெலிகொப்டருக்குள்ளேயே அமர்ந்திருக்கின்றது. தன் வீட்டினுள்ளே இருக்கும் ஒரு பெண்ணைப் பொலிஸார் மேலிருந்து திருட்டுத்தனமாகப் பார்க்கும் காட்சியில், இரசிகனையும் அப்பார்வைக்குப் பங்காளியாக்கி நகைக்க வைக்கின்றது. வானிலிருந்து உளவு பார்ப்பது கொடுமையென்று சொல்லவந்த படம், அவ்வுளவின் சுகத்தை விற்றும் இலாபம் தேடுகின்றது.

முடிவிலே மேர்பி அந்த ஹெலிகொப்டரைப் புகையிரதப் பாதையில் இறக்கி, வரும் சரக்கு வண்டிக்கு இரையாக்கிவிடுகின்றான். எவர் கையிலும் இது இருத்தலாகாது என்பதே அதன் பொருள். நல்ல முடிவுதான். ஆனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எந்த யந்திரத்தின் வேகத்தையும் வலிமையையும் இரசிக்கும்படி நாம் பழக்கப்பட்டோமோ, அதனை வெறுக்க இறுதி ஒரு நிமிடம் போதுமா? உள்ளடக்கம் ஒன்றைச் சொல்ல, உருவம் வேறொன்றைச் சொல்லிற்று. எது வென்றது என்பதைச் சரித்திரம் விரைவிலேயே காட்டியது. 1984 ஜனவரியில் அதே பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாயிற்று. படம் அழித்த ஹெலிகொப்டர் அங்கே மீண்டும் பறந்தது. இம்முறை நல்லவர்களின் நற்கருவியாக. பதினொரு வாரக் கதைகளோடு தொடர் நின்றுவிட்டதாயினும், எச்சரிக்கையாக எழுதப்பட்ட ஒன்றை விளம்பரமாக மாற்றிவிட ஓராண்டுகூடத் தேவைப்படவில்லை.

நிற்க. இனி மெய்யுலகுக்கு வருவோம்.

ஓடுகின்றவனைச் சுடலாம் என்ற நியாயம் ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய விதியொன்றிலிருந்து பிறந்தது. பெருங்குற்றங்கள் அனைத்துக்குமே மரணதண்டனை விதிக்கப்பட்ட காலம் அது. ஓடும்போது கொல்லப்பட்டவன், எப்படியும் தூக்கிலே மடியவேண்டியவன் என்று கருதப்பட்டான். தண்டனைகள் மாறின, விதி மட்டும் எஞ்சியது. 1974 ஒக்டோபரில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுவனொருவன் ஒரு வீட்டிலிருந்து ஓடி வேலியேறும்போது தலையின் பின்புறத்திலே சுடப்பட்டு இறந்தான். அவனிடம் ஆயுதமில்லை என்று தாம் ஏறக்குறைய நிச்சயமாக நம்பியதாகச் சுட்ட பொலிஸ்காரரே பின்னர் சொன்னார். அவனிடமிருந்தவை ஒரு பணப்பையும் பத்து டொலரும். 1985 மார்ச் 27இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் இவ்வழக்கிலே தீர்ப்பளித்தது: பிறருக்குப் பாரிய ஆபத்து விளைவிக்காதவன் ஓடுகின்றான் என்பதற்காக மட்டும் அவனைக் கொல்வது அரசியலமைப்புக்கு முரணானது.

இத்தீர்ப்பின் மை உலர்வதற்குள், அதே ஆண்டு மே 13இல், பிலடெல்பியா நகரில் பொலிஸ் ஹெலிகொப்டரொன்றிலிருந்து குடியிருப்பு வீடொன்றின் கூரைமீது வெடிகுண்டு வீசப்பட்டது. 'மூவ்' என்ற கறுப்பின இயக்கத்தினர் சிலரைக் கைதுசெய்யச் சென்ற பொலிஸார், துப்பாக்கிச் சண்டை நீண்டதன் பின்னர் இதனைச் செய்தனர். மூண்ட தீயை எரியவிட்டுப் பார்த்திருந்தனர். ஐந்து குழந்தைகள் உட்படப் பதினொருவர் மாண்டனர். அறுபத்தொரு வீடுகள் சாம்பராயின. அங்கே எவரும் ஓடவில்லை என்பது மெய். ஆனால் திரைப்படம் கற்பனை செய்த யந்திரம், இரண்டே ஆண்டுகளில், ஒரு கறுப்பினத் தெருவின் மேல் வந்து நின்றது. நகரசபை முறைப்படி மன்னிப்புக் கேட்பதற்கு 2020ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குறிபார்த்துச் சுடும் தேர்ந்தவர்களை அமர்த்தினால் இத்தகைய அனர்த்தங்கள் நேரா என்று சிலர் கூறுவர். அவர்களுக்கு ரெக்ஸாஸ் மாநிலத்தின் அனுபவம் விடை கூறுகின்றது. 2012 ஒக்டோபரில் மெக்சிக்க எல்லைக்கு அண்மையில் ஒரு சிறு பாரவண்டி நிறுத்தாமல் ஓடியது. அதிலே போதைப்பொருள் இருக்கின்றது என்று கருதிய பொலிஸார் ஹெலிகொப்டரிலிருந்து சுட்டனர். சக்கரங்களைச் செயலிழக்கச் செய்வதே நோக்கமென்று சொல்லப்பட்டது. வண்டியின் பின்புறத்தில் மறைக்கப்பட்டிருந்தது போதைப்பொருளன்று, மனிதர். பிழைப்புத் தேடி வந்த குவாத்தமாலா நாட்டு ஏழைகள். இருவர் இறந்தனர். சில மாதங்களுக்குள்ளே, ஓடும் வாகனத்தை நிறுத்துவதற்காக ஹெலிகொப்டரிலிருந்து சுடுவதை அம்மாநிலப் பொலிஸ் திணைக்களமே தடைசெய்தது. உயிராபத்து விளைவிக்கும் தாக்குதலை எதிர்கொள்ளும் வேளைக்கு மட்டும் விலக்களித்தது.

இங்குதான் பிரச்சினையின் உயிர்நாடியைத் தொடுகின்றோம். ரெக்ஸாஸில் தவறியது துப்பாக்கியின் குறி மட்டுமன்று, அறிவும் தவறியது. மூடிய துணிக்குக் கீழே என்ன இருக்கின்றது என்று மேலிருப்பவனுக்குத் தெரியாது. மேலும், ஓடுபவனைச் சுடவேண்டுமென்ற வாதத்தின் அடிப்படை, சுடாவிட்டால் அவன் தப்பிவிடுவான் என்ற அச்சமே. ஹெலிகொப்டர் அவ்வச்சத்தைப் பெரிதும் போக்குவதற்கென்றே வந்த சாதனமல்லவா? லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸார் 1956இலேயே ஹெலிகொப்டரைப் பயன்படுத்தத் தொடங்கினர். அது வேகமாகத் துரத்தும் கார்களைப் பின்வாங்கச் செய்து, ஓடுபவனை உயரத்திலிருந்து தொடர்ந்து, அவன் நின்ற இடத்தைத் தரையிலுள்ளோர்க்கு அறிவிக்க வல்லது. கண்ணுக்குத் தப்பாதவனைக் குண்டினால் நிறுத்த வேண்டிய தேவையென்ன? பார்க்கும் கருவி வந்ததும் சுடும் நியாயம் குறையவேண்டும், கூடுவதெங்ஙனம்? அன்றியும், உயரத்திலே இருப்பவன் ஓடுபவனின் கைக்கு எட்டாதவன். தற்காப்பு என்ற நியாயமும் அவனுக்கு எளிதில் பொருந்தாது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் நாம் மறைக்கவில்லை. பிறேசிலின் றியோ டி ஜெனீரோ நகரில் போதைப்பொருட் கும்பல்களிடம் போர்த்துப்பாக்கிகள் உள்ளன. 2009இல் அவர்கள் பொலிஸ் ஹெலிகொப்டரொன்றையே சுட்டு வீழ்த்தினர். மூன்று பொலிஸார் உயிரிழந்தனர். அவர்களும் சம்பளத்துக்கு உழைத்த மனிதரே. சுடப்படும்போது திருப்பிச் சுடுவதை எவரும் குறைகூறார். ஆனால் அந்நியாயம் அங்கே எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லப்பட்டது? 2019 ஜனவரியில் பதவியேற்ற ஆளுநர் வில்சன் விற்செல், ஆயுதத்துடன் காணப்படுபவனின் தலையிலே சுடவேண்டுமென்று பகிரங்கமாகக் கூறியவர். அவ்வாண்டு மே மாதத்தில் தாமே பொலிஸ் ஹெலிகொப்டரில் ஏறிச் சென்று, அந்நடவடிக்கையைப் படம்பிடித்து வெளியிட்டார். ஓர் ஆட்சியாளர் திரைப்பட நாயகனாகிய அவலம் அது. பணக்காரர் மாளிகைகள் அமைந்த கடற்கரைக்கு மேலே ஹெலிகொப்டர் சுடவில்லை. அது சுட்டது உழைப்பாளரின் நெருங்கிய கூரைகளுக்கு மேலே. அக்கூரைகளின் கீழே பாடசாலைகளும் இருந்தன. மாரே என்ற குடியிருப்பிலே ஒரு கல்விக்கூடத்தின் கூரையில், இது பாடசாலை, சுடவேண்டாம் என்று வானை நோக்கி எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

2019 ஓகஸ்டில் அம்மாரேக் குடியிருப்பிலிருந்து ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்களும் சித்திரங்களும் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பெரும்பாலானவை குழந்தைகள் வரைந்தவை. மேலே ஹெலிகொப்டர், அதிலிருந்து புள்ளிபுள்ளியாக இறங்கும் குண்டுகள், கீழே ஓடும் சிறு உருவங்கள். 2020 ஓகஸ்டில் பிறேசிலின் உச்ச நீதிமன்றம், றியோவில் இத்தகைய நடவடிக்கைகளில் ஹெலிகொப்டர்களைப் பயன்படுத்துவதை மிக இன்றியமையாத வேளைகளுக்கு மட்டுப்படுத்தித் தீர்ப்பளித்தது.

விமர்சகன் என்ற முறையில் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கின்றோம். ஒருபுறம், பெருஞ்செலவிலே, தேர்ந்த கலைஞர்கள் நல்ல நோக்கத்துடன் உருவாக்கிய ஒரு படம். மறுபுறம், பள்ளிக் கொப்பித்தாளிலே வண்ணப் பென்சிலால் கிறுக்கப்பட்ட ஒரு சித்திரம். முன்னது யந்திரத்துக்குள்ளே அமர்ந்து உலகைப் பார்த்தது; ஆகவே அதனை அழித்தபோதும் அதன்மீதுள்ள மோகத்தை அழிக்க முடியவில்லை. பின்னது மண்ணிலே நின்று மேலே பார்த்தது. அப்பார்வைக்கு மோகம் தோன்ற வழியேயில்லை. எங்கே நின்று பார்க்கின்றாய் என்ற கேள்வியே கலைஞனிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி என்று முற்போக்கு விமர்சனம் வற்புறுத்துவது வீண்வாதமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஹெலிகொப்டரின் இரைச்சலைக் கேட்டதும் பதுங்குகுழியைத் தேடியோடிய தலைமுறையொன்று நமது வடக்கிலும் கிழக்கிலும் வாழ்கின்றது. அது போர், இது பொலிஸ். ஆயினும் அந்தச் சித்திரத்தின் பொருளை அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

பொலிஸ் ஹெலிகொப்டர் பறக்கட்டும். வெள்ளத்தில் சிக்கியவனை மீட்கட்டும். வழிதவறிய குழந்தையைத் தேடட்டும். ஓடுபவனைத் தொடர்ந்து சென்று நீதிமன்றத்தின் வாசல்வரை கொண்டுவர உதவட்டும். ஆனால் அவனுக்குரிய தீர்ப்பு தரையிலே, அவன் பேசுவதைக் கேட்கக்கூடிய தூரத்திலே இருந்து வழங்கப்படவேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய வாசகர்கள் அடுத்தமுறை இத்தகைய படமொன்றைப் பார்க்கையில், ஹெலிகொப்டருக்குள் இருக்கும் நாயகனை ஒரு கணம் மறந்து, கீழேயுள்ள கூரையின் அடியில் யார் இருக்கின்றார்கள் என்று கேட்டுப் பார்ப்பார்களாக.