இகலிடை நின்ற புலவர்: கோவூர்கிழார் பாட்டுகள் மூன்று

பகைமை முற்றிய இரு வேந்தர்க்கிடையே படை எழுமுன் சொல் எழுகின்றது. அச்சொல்லை ஏந்திச் சென்றோர் யாவர், எவ்வுரிமையாற் பேசினர், எதனைக் காட்டி வேந்தரைத் தடுக்க முற்பட்டனர் என்னும் வினாக்களுக்குப் புறநானூறு விடை தரவல்லது. சங்கப் புலவர் போரை வெறுத்து அமைதியை அறிவுறுத்தினர் என்று பொதுப்படக் கூறி அமைவார் பலர். இக்கூற்றில் உண்மை உண்டு. எனினும், பாட்டின் சொல்லையும் துறையையும் கொளுவையும் தனித்தனியே வைத்து நோக்குங்கால், இக்கூற்று அப்பாட்டுகளின் நுட்பத்தை மறைத்துவிடுகின்றது என்பது புலனாகும். நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்னும் சோழர் இருவரிடை மூண்ட இகல் பற்றிக் கோவூர்கிழார் பாடிய மூன்று பாட்டுகளை (புறம். 44, 45, 47) எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

தூதும் சந்தும்

முதற்கண் தூது வேறு, சந்து செய்தல் வேறு என்பதனைத் தெளிதல் வேண்டும். திருக்குறளின் 69-ஆம் அதிகாரம் தூது பற்றியது. தானே வகுத்துக் கூறுவான், பிறர் கூறியதைக் கூறுவான் எனத் தூதர் இருதிறத்தர் என்பர் பரிமேலழகர். இவ்விருவரும் ஒரு வேந்தனுக்கு உரியவர். அவ்வேந்தனின் ஆக்கமே இவர்தம் குறிக்கோள்.

அதியமான் நெடுமான் அஞ்சி விடுப்பத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் இவ்வகையினர். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபொழுது அவர் பாடியது புறம் 95 என்று கொளு கூறும். பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்று, காவலுடைய மனையில் இப்படைக்கலங்கள் இருக்கின்றன. எம் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி முனை முரிந்து கொல்லனுடைய சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்பது பாட்டின் பொருள். இதன் துறை வாண்மங்கலம், திணை பாடாண். வலிமையைக் காட்டி அச்சுறுத்த நினைத்தவனுக்கு, வலிமையையே விடையாகத் தருகின்றது இப்பாட்டு. தம் தலைவனை 'எங்கோமான்' எனக் குறிக்குமிடத்து ஔவையார் தாம் நிற்கும் பக்கத்தை ஐயத்திற்கு இடமின்றி அறிவித்துவிடுகின்றார். இச்சொல்லாற் போர் தவிர்ந்ததா என்பது பற்றிப் பாட்டும் கூறவில்லை; கொளுவும் கூறவில்லை. நூல்கள் சிலவற்றிற் காணப்படும் 'போர் நின்றது' என்னும் முடிபு, பாட்டிற்குப் புறத்தே நின்று சேர்க்கப்பட்டதாகும்.

ஆவூரும் உறையூரும்

கோவூர்கிழார் நிலை வேறு. அவரை விடுத்தார் ஒருவரும் இலர். நலங்கிள்ளியை அவர் புகழ்ந்து பாடிய பாட்டுகள் (புறம். 31, 32, 33 முதலியன) உள்ளமையின், அவர் எப்பக்கமும் சாராதவர் என்று கூறவும் இயலாது. ஆகவே, அவருடைய பொதுமை அவர்தம் சொல்லினின்று பிறந்ததாதல் வேண்டும்.

ஆவூர் முற்றுகையில் அடைத்திருந்த நெடுங்கிள்ளியை நோக்கியது 44-ஆம் பாட்டு. நீராட்டும் கவளமும் பெறாத யானைகள் கம்பத்தை வருத்த, அவற்றின் கைகள் நிலத்திற் புரளுகின்றன. பாலின்றிக் குழவிகள் அலறுகின்றன. மகளிர் பூவின்றித் தலை முடிக்கின்றனர். நீரின்றி மனைகள் வருந்துகின்றன. இத்துன்பத்தை உள்ளிருந்தே கண்டார்போல் அடுக்கிக் கூறிய புலவர், அறத்தை உடையையாயின் 'நினது' என்று கூறிக் கதவைத் திறப்பாயாக, மறத்தை உடையையாயின் போரிடத் திறப்பாயாக என்கின்றார். போர் தீது என்று அவர் கூறவில்லை என்பது இங்கு உற்று நோக்கற்பாலது. அறம், மறம் இரண்டும் அவருக்கு உடன்பாடே. இரண்டும் இன்றி மதிலுள் ஒடுங்கியிருத்தலையே அவர் நாணத்தக்கது என்கின்றார். கருவூரை முற்றிய கிள்ளிவளவனிடம் ஆலத்தூர்கிழார் எடுத்துக்காட்டியதும் இந்நாணமே (புறம். 36). வேந்தர் மதிக்கும் பொருளைக் கொண்டே வேந்தரைத் திருத்துதல் இப்புலவர்தம் நெறி எனலாம்.

உறையூர் முற்றுகை பற்றிய 45-ஆம் பாட்டில் நாணம் பின்னிட்டுக் குடி முன்னிற்கின்றது. எதிர்நிற்பவன் பனம்பூ அணிந்த சேரனும் அல்லன், வேப்பம்பூ அணிந்த பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. ஒருவர் தோற்பினும் தோற்பது அக்குடி. இருவரும் வெல்லுதல் இயற்கையன்று. இவ்விகலால் உவப்பவர் பிற வேந்தரே. இதுவே புலவர் கூற்று. தம் மக்கள்மேற் படையெடுத்த கோப்பெருஞ்சோழனைத் தடுத்த புல்லாற்றூர் எயிற்றியனாரும் (புறம். 213) சேர பாண்டியர் அல்லர் எதிர்நிற்போர் என்பதனையும், பகைவர் உவப்பர் என்பதனையும் நினைவூட்டுதல் ஒப்புநோக்கத்தக்கது.

இப்பாட்டின் உயிர்நிலை அதன் முன்னிலைச் சொற்களில் அடங்கியுள்ளது என யாம் கருதுகிறோம். பாட்டு 'நின்' என்னும் ஒருமையில் தொடங்கி, எதிரியைப் படர்க்கையில் நிறுத்துகின்றது. கண்ணி இரண்டும் ஒன்றே என்று கூறிய அளவில் அப்படர்க்கை மறைகின்றது. அதன்பின் 'நும்' என்னும் பன்மையே ஆட்சி பெறுகின்றது. மதிலின் இருபுறத்தும் நின்ற இருவரும் ஒரே முன்னிலைக்குள் வந்துவிடுகின்றனர். ஔவையாரின் 'எம்' ஒரு பக்கத்தைக் காட்டியதுபோல, கோவூர்கிழாரின் 'நும்' இரு பக்கத்தையும் ஒன்றாக்குகின்றது. தொடக்கத்தில் 'நின்' எனப்பட்டவன் முற்றியவனா அடைத்திருந்தவனா என்பதனைப் பாட்டு தெரிவிக்கவில்லை. கொளுவும் இருவரையும் பாடியது என்றே கூறுகின்றது. இதனை நலங்கிள்ளிக்கு உரைத்த அறிவுரையாக மட்டும் கொள்வது பாட்டின் பொருளைச் சுருக்குவதாகும்.

இளந்தத்தன்

மூன்றாவது பாட்டே இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழார் 47-ஆம் பாட்டைப் பாடி அவனை உய்வித்தார் என்று கொளு கூறும். இங்கே போரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புலவர் பறவைபோல் அருஞ்சுரம் பல கடந்து வள்ளல்களை நாடிச் செல்வர். பெற்றது கொண்டு சுற்றம் ஓம்புவர். எஞ்சாது உண்டு கொடுப்பர். இவ்வாழ்க்கை பிறர்க்குத் தீது செய்யுமோ என வினவும் கோவூர்கிழார், கல்வியால் எதிரிகளை வென்று தலைநிமிர்ந்து நடக்கும் புலவர்க்கு மண்ணாளும் வேந்தரையொத்த தலைமையும் உண்டு என முடிக்கின்றார்.

45-ஆம் பாட்டின் இறுதியில் வரும் 'நும்மோர்' என்னும் சொல் இங்கும் இறுதியில் வருகின்றது. அங்கே அச்சொல் பகைகண்டு உவக்கும் பிற வேந்தரை ஒப்பிடற்கு நின்றது. இங்கே புலவரை வேந்தர்க்கு ஒப்பாக்குகின்றது. இரு வேந்தரையும் ஒப்ப நிறுத்திப் பேசியவர், தம் இனத்தானைக் காக்க நேர்ந்தபோது, புலமையை அரசோடு ஒப்ப நிறுத்த வேண்டியவரானார்.

பகை மிகுங்கால் முதலில் அழிவது எல்லை கடந்து செல்வோர்தம் நம்பகமே என்பதற்கு இது சான்று. 1961-இல் வியன்னாவில் உருவான அரசுத் தூதுறவு உடன்படிக்கையின் 29-ஆம் விதி தூதரின் உடலுரிமையைத் தீண்டாமை வேண்டும் என்கின்றது. ஓர் அரசு விடுத்து மற்றோர் அரசு ஏற்ற தூதரையே அவ்விதி காக்கும். இளந்தத்தன் அவ்வகையினன் அல்லன். அவனைக் காத்தது ஒரு பாட்டு.

முடிபு

45, 47 ஆகிய இரண்டும் துணைவஞ்சி என்னும் துறையின. பிறரை வெல்லவோ கொல்லவோ நிற்பாரிடம் கூறிச் சந்து செய்வித்தலே அத்துறை என விளக்குவர். வேந்தரிடைப் போரும் ஒரு புலவனின் உயிரும் ஒரே துறையுள் அடங்குதல் தற்செயலன்று. இகல் தணியவேண்டின் இடைநிற்பார் உயிர்வாழ வேண்டும் என்னும் உணர்வு அத்துறைப் பகுப்பில் உள்ளது.

இம்மூன்றும் இவ்வரிசையிலேயே நிகழ்ந்தன என்று துணிதற்குச் சான்று இல்லை. கொளுக்கள் தொகுத்தோர் தந்தவை. புலவர்தம் சொல் வென்றது என்று முடிப்பதற்கும் தடையுண்டு. 47-ஆம் பாட்டின் கொளு நெடுங்கிள்ளியைக் 'காரியாற்றுத் துஞ்சிய' என்னும் அடையாற் குறிக்கின்றது. மூன்று பாட்டுகளிலும் வரும் நெடுங்கிள்ளி ஒருவனே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அவன் அங்கு இறந்தான் என்பதன்றிப் போரில் இறந்தான் என்றோ, நலங்கிள்ளியால் இறந்தான் என்றோ அவ்வடை கூறவில்லை. எனினும், அமைதியில் முடிந்த கதையாக இதனை எழுதுதற்கும் அது இடந்தரவில்லை. இளந்தத்தன் உய்ந்தான் என்பது ஒன்றே கொளு உறுதியாகக் கூறுவது. கோவூர்கிழாரின் வெற்றியை அளக்கப் புகுவார் அவ்வோர் உயிரினின்றே தொடங்குதல் வேண்டும் என்பது எம் துணிபு.